காலையில் மூன்று அதிகாரம், அண்ணனிடம் மௌனம்

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு, ஸ்தோத்திரம்.

தினமும் வேதத்தில் மூன்று அதிகாரம் வாசித்து, ஒரு மணி நேரம் ஜெபித்தும் விசுவாசத்தில் வளர்ந்த மாதிரியே தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். அண்ணனோடு பேச்சு நின்று ஆறு மாதமாகிறது என்பதையும் அதே கடிதத்தில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறாய். எனக்கு இரண்டும் ஒரே விஷயமாகத்தான் படுகிறது.

பிரதான கற்பனை, அதாவது கட்டளை, எது என்று வேதபாரகன் (யூத வேத அறிஞன்) ஒருவன் கேட்டபோது, இயேசு ஒன்றோடு நிறுத்தாமல் இரண்டைச் சொன்னார் (மாற்கு 12). தேவனிடம் அன்புகூரச் சொல்லும் முதலாவது உபாகமம் 6-ல் இருக்கிறது, பிறனிடம் அன்புகூரச் சொல்லும் இரண்டாவது லேவியராகமம் 19-ல். அந்த 19-ஐ 9-ம் வசனத்திலிருந்து 18 வரை ஒரே மூச்சில் வாசித்துப் பார். பிறனிடம் அன்புகூரச் சொல்வது கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் வருவதெல்லாம் பெரும்பாலும் கையும் வாயும் செய்கிற காரியங்கள். வயலின் ஓரத்தை எளியவனுக்கு விட்டுவிடு. கூலியை விடியும்வரை வைத்துக்கொள்ளாதே. செவிடனை நிந்திக்காதே. கோள் சொல்லித் திரியாதே. மனதுக்குள் பகையை வளர்க்காமல் நேரில் கடிந்துகொள். அன்பு சுரக்கட்டும், அப்புறம் செய்யலாம் என்று காத்திருக்க அங்கே இடமே இல்லை.

ஆகவே இந்த வாரம் வாசிப்பைக் குறைத்துக்கொள். பத்துப் பதினைந்து வசனம் போதும். இதில் தேவன் எப்படிப்பட்டவராகத் தெரிகிறார், இன்று யாருக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று இரண்டே கேள்வி கேள். இரண்டாவது கேள்விக்கு ஒரு ஆளின் பெயரை எழுது. 'எல்லோரையும் நேசிப்பேன்' என்று எழுதினால் அன்று யாருக்கும் எதுவும் நடக்காது.

ஜெபத்தில் அண்ணனுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கு. அவரைக் குறித்து ஒரு நன்றி, பிறகு அவருடைய தேவை ஒன்று, கடைசியில்தான் உன் மனத்தாங்கல். வரிசையை மாற்றினால் ஜெபம் குற்றப்பத்திரிகையாகிவிடும். அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

பிறகு அவரிடம் போ. மத்தேயு 5:23-24 சொல்வதைக் கவனி: உன் பேரில் அவருக்குக் குறை உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலில் போக வேண்டும். தப்பு யாருடையது என்ற விசாரணை அதில் இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பாதே, நேரில் போ. முடியாவிட்டால் போனில் பேசு. நீ செய்ததை மட்டும் பெயர் சொல்லி ஒப்புக்கொள். 'நான் கத்தினது தப்பு' என்பது மன்னிப்பு. அதன் பின்னால் 'ஆனா நீங்களும்...' என்று சேர்த்தால் அது அடுத்த சண்டை. அவர் முகம் கொடுக்காமலும் போகலாம். 'கூடுமானால் உங்களாலானமட்டும்' என்றுதான் ரோமர் 12:18-ம் சொல்கிறது. அடி உதை, மிரட்டல் இருக்கிற வீடுகளுக்கு இந்த ஆலோசனை பொருந்தாது. அங்கே முதலில் பாதுகாப்பு. மன்னித்த அன்றே பழையபடி நம்பியாக வேண்டும் என்றும் கட்டாயமில்லை.

இதைக் கேட்டு ஜெபத்தை விட்டுவிட்டு உதவி செய்ய ஓடிவிடாதே. லூக்கா 10-ல் நல்ல சமாரியன் உவமை முடிந்ததும் மார்த்தாள் வீடு வருகிறது. பற்பல வேலைகளில் வருத்தமடைந்த மார்த்தாள், இயேசுவின் பாதத்தருகே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த சகோதரி மரியாளைக் குறித்து அவரிடமே முறையிடுகிறாள். பாதத்தருகே உட்காராமல் செய்கிற பணிவிடை சீக்கிரமே எரிச்சலில் போய் நிற்கும். ஊழியத்தில் அலைந்துவிட்டு வீட்டில் எரிந்து விழுகிறவர்களைச் சபைகளில் பார்க்கலாம்தானே? கொடுக்க வேண்டியதைத் தேவனுக்குக் 'கொர்பான்', அதாவது காணிக்கை, என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை மாற்கு 7-ல் இயேசு கடுமையாகவே கண்டித்தார்.

உபவாசத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். தாராளமாக இரு, மருந்து சாப்பிடுகிறாய் என்றால் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு இரு. ஒரு வேளையோடு தொடங்கு. ஏசாயா 58 சொல்கிறபடி, மிச்சமான அந்தச் சாப்பாடு அன்றைக்கே பசித்த ஒருவருக்குப் போகட்டும். அண்ணனிடம் போவதை மட்டும் உபவாசம் முடியட்டும் என்று தள்ளிப்போடாதே.

அன்புடன்,
கர்த்தருக்குள் உன் அண்ணன்மாரில் ஒருவன்