எந்த விதியை மீறுவது? நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும்தான் நிம்மதியாக இருந்தது. நான் நலம். பக்க வடிவமைப்பு வேலை முன்பு போல வருவதில்லை. வருவதை நிதானமாகச் செய்கிறேன்.

உன் மகள் கல்லூரிக்காக ஒரு ராக் இசை இதழை மாதிரியாக வடிவமைக்கிறாள் என்று எழுதியிருந்தாய். கறுப்புப் பின்னணி, சிதைந்த எழுத்து, முறைத்துப் பார்க்கும் முகம், எல்லாரும் செய்கிற இதையே தானும் செய்ய வேண்டுமா என்று கேட்கிறாளாமே. ரொம்ப நல்ல கேள்வி. அவளையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வழக்கங்களை அவள் மட்டமாக நினைக்க வேண்டாம். கடையில் வரிசையாக இதழ்கள் இருக்கும்போது, தன் இசைக்கான இதழ் எது என்று வாசகர் ஒரு பார்வையில் கண்டுபிடிக்க வேண்டும். 1981-இல் பிரிட்டனில் தொடங்கிய 'கெராங்!' இதழின் பெயரைப் பார்த்தாலே போதும், எழுத்துகள் அடி வாங்கி விரிசல் விட்டதுபோல இருக்கும். உள்ளே ஹெவி மெட்டல் என்ற இரைச்சல் மிகுந்த ராக் இசைதான் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ராக் இதழ் என்றாலே கலைந்த பக்கம் என்பது பிறகு வந்த பழக்கம். 1967 நவம்பரில் சான்ஃபிரான்சிஸ்கோவில் 'ரோலிங் ஸ்டோன்' முதல் இதழ் வந்தபோது அந்த ஊர் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார். கச்சேரி போஸ்டர்களில் எழுத்துகள் நெளிந்து வளைந்து, கண்ணைக் கூசவைக்கும் நிறங்களில், கிட்ட நின்று பார்த்தாலும் எளிதில் படிக்க முடியாதபடி இருந்தன. 'ஆரக்கிள்' என்ற மாற்றுப் பத்திரிகை ஒரே பக்கத்தில் பல வண்ண மைகளைக் கலந்து வானவில் மாதிரி அச்சிட்டது. இவற்றுக்கு நடுவில் 'ரோலிங் ஸ்டோன்' ஒரு செய்தித்தாளைப் போல வந்து நின்றது. நேரான பத்திகள், பத்திகளைப் பிரிக்கும் மெல்லிய கோடுகள், அடக்கமான எழுத்துரு. முகப்பில் ஒரு திரைப்படத்துக்காக ராணுவ வீரர் வேடமிட்ட 'பீட்டில்ஸ்' பாடகர் ஜான் லெனனின் கறுப்பு வெள்ளைப் புகைப்படம். போஸ்டர் ஓவியர் ரிக் கிரிஃபின் வரைந்த பெயர் மட்டும்தான் அந்தக் காலத்துப் பாணியில் வளைந்திருந்தது. ராக் இசையைச் சின்னப்பையன்கள் சமாச்சாரமாகப் பார்த்த காலம் அது. அதை அரசியல் செய்திக்குக் கொடுக்கும் மரியாதையோடு அச்சிட்டதுதான் அன்றைய பெரிய மீறல். ஒழுங்காக இருப்பதும் கலகம்தான் என்று அவளிடம் சொல்.

இதற்கு நேரெதிர், 1976-இல் லண்டனில் மார்க் பெர்ரி தொடங்கிய 'ஸ்னிஃபின் க்ளூ' என்ற பங்க் ராக் இதழ். வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவர். கட்டுரைகளைத் தட்டச்சு செய்வார், தலைப்புகளை மார்க்கரால் கையால் எழுதுவார், தப்பாகத் தட்டச்சு செய்ததைக் கோடு போட்டு அடித்துவிட்டு மேலே போவார். அந்தத் தாள்களைப் பிரதி எடுத்து ஸ்டேப்ளர் பின் அடித்தால் இதழ் தயார். இன்று அதைப் பங்க் பாணி என்கிறோம். அவர் பாணிக்காக எதையும் செய்யவில்லை. கிட்டாரில் மூன்று 'கார்டு' (ஒன்றாக மீட்டும் சுரக்கூட்டு) தெரிந்தால் மேடை ஏறலாம் என்ற இசைக்கு, கையில் இருப்பதை வைத்துச் செய்த இதழ் அச்சாகப் பொருந்திவிட்டது, அவ்வளவுதான். இப்போது அதே கிறுக்கலையும் கறையையும் கம்ப்யூட்டரில் மெனக்கெட்டுப் போடுகிறார்கள். பார்க்க அதே மாதிரி இருக்கிறது, ஆனால் உயிர் இல்லை.

'ரே கன்' பற்றி அவள் கட்டாயம் கேட்பாள். 1992-இல் தொடங்கிய அமெரிக்க இதழ், முதல் சில வருடங்கள் டேவிட் கார்சன் ஆர்ட் டைரக்டர். பத்திகள் ஒன்றோடொன்று மோதும், வரிகள் பக்க ஓரத்தில் விழுந்து காணாமல் போகும். அன்றைய மாற்று ராக்கின் இரைச்சல் காகிதத்தில் கேட்டது. பாடகர் பிரையன் ஃபெர்ரியின் பேட்டி சுவையாக இல்லை என்று அதை முழுக்க 'ஸாஃப் டிங்பாட்ஸ்' எழுத்துருவில் கோத்துவிட்டார். அதில் எழுத்துகளே கிடையாது. நட்சத்திரம், கத்தரிக்கோல், அம்புக்குறி போன்ற சின்னங்கள்தான். படிக்கக்கூடிய வடிவத்தை இதழின் கடைசியில் கொடுத்தார்கள். வடிவமைப்பு வகுப்புகளில் இதை வீரச்செயலாகச் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. அவருடைய மற்ற பக்கங்களில் இசை இருக்கிறது. இந்தப் பக்கத்தில் இருப்பது கட்டுரை பற்றிய அவருடைய அபிப்பிராயம் மட்டும். எழுதியவருக்கும் வாசகருக்கும் அது செய்த அநியாயம் என்றே நினைக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த மீறல் ஒன்று உண்டு. 1958-இல் ஆர்ட் கேன், நியூயார்க்கின் ஹார்லமில் ஒரு வீட்டுப் படிக்கட்டில் 57 ஜாஸ் கலைஞர்களை நிற்க வைத்து 'எஸ்குயர்' இதழுக்காகப் படம் எடுத்தார். நாற்பது வருடம் கழித்து, 1998-இல், 'எக்ஸ்எக்ஸ்எல்' என்ற ஹிப் ஹாப் இதழ் அதே இடத்தில் ராப் கலைஞர்களைத் திரட்டியது. படம் எடுத்தவர் கோர்டன் பார்க்ஸ். ஹிப் ஹாப் இதழ் அட்டை என்றால் ஒரு நட்சத்திரம், நேர்ப்பார்வை, மிடுக்கு. அதை விட்டுவிட்டு ஒரு குடும்பப் படம். 'நாங்கள் அந்த ஜாஸ் மேதைகளின் வாரிசுகள்' என்று எழுதாமலே சொல்லிவிட்டார்கள். இன்னொரு இசையின் வழக்கத்தைக் கடன் வாங்கியே தன் வழக்கத்தை உடைப்பது எவ்வளவு அழகு!

அப்புறம், 1981 ஜனவரி 22 தேதியிட்ட 'ரோலிங் ஸ்டோன்' அட்டையையும் அவள் பார்க்கட்டும். லெனன் கொல்லப்பட்ட அதே நாளில், சில மணி நேரம் முன்பு, ஆனி லீபோவிட்ஸ் எடுத்த படம். லெனன் தன் மனைவி யோகோ ஓனோவைக் கட்டிக்கொண்டிருக்கிறார். தலைப்பு வரி ஒன்றுகூட இல்லை. அட்டையில் வரிகள் போடாமல் இதழ் விற்காது என்பது பழைய பாடம். அந்த வாரம் எந்த வரி போட்டாலும் அது அதிகப்பிரசங்கம்.

சரி, அவள் என்ன செய்யலாம்? முதலில் தன் இதழுக்கான பாட்டுகள் எப்படி உருவாகின்றன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். ஒருவர் அறைக்குள் தனியாகப் பதிவு செய்ததா, கூட்டமாக மேடையில் வாசித்ததா? அதிலிருந்து எழுத்துரு, படம், வெற்றிடம் எல்லாம் வரட்டும். பக்க எண், உள்ளடக்கப் பக்கம், கட்டுரை எழுத்தின் அளவு ஆகியவற்றில் மட்டும் கை வைக்க வேண்டாம். மற்றதில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் துணிந்து உடைக்கட்டும்.

அட்டையை அனுப்பும் முன், நீண்ட பேட்டி உள்ள இரண்டு உள்பக்கங்களை அனுப்பச் சொல். பெரிய படம் போட்டு அட்டையைச் சமாளித்துவிடலாம், வார்த்தை நிறைந்த பக்கத்தில்தான் ஆளின் கை தெரியும். பார்த்துவிட்டு எனக்குத் தோன்றுவதை மறைக்காமல் எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்