புதுச்சேரி இழந்த மணலும் ஏற்காட்டுச் சுனைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த புதுச்சேரி நகரம் வளர்ந்த வரலாற்றை இரண்டு முறை படித்தேன். 1674இல் பிரான்சுவா மார்த்தேன் அங்கே குடியேறியது, இடையில் ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள் தெருக்களை நூல் பிடித்ததுபோல் நேராகத் திட்டமிட்டது, 1761இல் ஆங்கிலேயர் ஊரையே இடித்துத் தள்ளியது, பிறகு அதே இடத்தில் பிரெஞ்சுக்காரர்கள் மறுபடி கட்டி எழுப்பியது, 1954 நவம்பரில் ஆட்சி இந்தியாவிடம் வந்தது என எல்லாமே விரிவாக இருந்தன. ஆனால் கடற்கரை மணல் காணாமல் போன விஷயம் ஒரே வரியில் முடிந்துவிட்டது. கடற்கரையை நம்பி வளர்ந்த ஊரின் கதையில் அதுதான் முக்கியமான பகுதி என்று எனக்குத் தோன்றியது. அதனால்தான் ஏற்காட்டிலிருந்து இந்தக் கடிதம்.

என் அக்காவை முத்தியால்பேட்டையில் கட்டிக்கொடுத்தோம். 1985இல் முதல் தடவை போனபோது மாமா எங்களைக் காந்தி சிலைக்குக் கூட்டிப்போனார். மலையிலேயே பிறந்து வளர்ந்த எனக்குக் கடலைவிட அந்த மணல்தான் ஆச்சரியம். கால் புதையப் புதைய ஓடினோம். பத்து வருடம் கழித்துப் போனால் அங்கே மணல் இல்லை. கடற்கரைச் சாலை ஓரம் முழுக்கக் கருங்கற்கள். அலை அந்தக் கல்லில்தான் மோதிக்கொண்டிருந்தது. கடலில் கால் நனைக்கக்கூட இடமில்லை.

காரணத்தை மாமாதான் விளக்கினார். நம் கிழக்குக் கடற்கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு இடத்தில் அலை அரித்துப் போனதைத் தெற்கிலிருந்து வரும் மணல் நிரப்பிவிடும். 1980களின் கடைசியில் துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் கல்சுவர்களைக் கடலுக்குள் நீட்டினார்கள். வந்துகொண்டிருந்த மணல் தெற்குப் பக்கமே தங்கிவிட்டது. வடக்கே நகரத்துக்கு வர வேண்டிய மணல் வரவில்லை. அரிப்பைத் தடுக்க நகரத்தின் முன்னால் கல் கொட்டினார்கள். கடல் இன்னும் வடக்கே போய்த் தமிழ்நாட்டு மீனவக் குப்பங்களை அரிக்க ஆரம்பித்தது. கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் பக்கம் வலை உலர்த்தவும் படகு ஏற்றி வைக்கவும் இடம் இல்லாமல் போனது. அப்புறம் 2018 வாக்கில் சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தார் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் இரும்பாலான செயற்கைத் திட்டு ஒன்றை இறக்கினார்கள். கொஞ்சம் மணல் திரும்பியது. போன வருடம் அக்காவின் பேரப்பிள்ளைகள் அதில் விளையாடியதைப் பார்த்தேன். ஒரு தலைமுறைக்கு இல்லாத மணல் அது.

இதை ஏன் மலையில் இருக்கிறவன் எழுதுகிறேன் என்றால், எங்கள் ஊருக்கும் இப்போது அப்படியொரு காலம் வந்திருக்கிறது என்று பயப்படுகிறேன்.

ஏற்காடு ஊராக வளர்ந்ததே காப்பியால்தான். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். பேரிக்காயும் அவர் காலத்தில் வந்ததே. அவருக்கு முன்பே இந்த மலை முழுக்க மலையாளி என்ற பழங்குடி மக்களின் (கேரளத்துக்காரர்கள் அல்ல) ஊர்கள் இருந்தன. உச்சியில் குகைக் கோயிலுக்குள் சேர்வராயர் சாமியும் காவேரி அம்மனும் இருந்தார்கள். இதை எழுதாமல் வெள்ளைக்காரர்தான் ஏற்காட்டைக் கண்டுபிடித்தார் என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ரயில் வந்த பிறகும் சூரமங்கலத்தில் இறங்கி, அடிவாரம் வந்து, அங்கிருந்து குதிரையிலோ டோலியிலோதான் துரைமார் மேலே வந்தார்கள். டோலியைத் தூக்கி ஏறியவர்கள் நம் ஆட்கள். 1894இல் சேக்ரட் ஹார்ட் கான்வென்ட், 1917இல் மான்ட்ஃபோர்ட் பள்ளி என்று பள்ளிக்கூடங்கள் வந்தன. பிறகு மலைப்பாதையும் பஸ்ஸும் வந்தன. 1963இல் தேசிய ஆர்க்கிட் தோட்டம் வந்தது. ஊட்டிக்குப் போக வசதியில்லாத குடும்பங்கள் சேலத்தில் பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டி, ஏரியில் படகு விட்டுவிட்டு மாலையே இறங்கிவிடுவார்கள். ஏழைகளின் ஊட்டி என்ற பெயர் அப்படி வந்ததுதான். அந்தப் பெயரில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

இவையெல்லாம் மெதுவாக நடந்தவை. பெங்களூர் சாலை நான்கு வழியான பிறகுதான் வேகம் பிடித்தது. வெள்ளிக்கிழமை வேலை முடித்துக் கிளம்புகிறவர்கள் இரவுச் சாப்பாட்டுக்கே இங்கே வந்துவிடுகிறார்கள். காப்பித் தோட்டங்கள் மனையாகின்றன. சில்வர் ஓக் மரமும் அதில் ஏறிய மிளகுக் கொடியும் போய், அந்த இடத்தில் விடுதி நிற்கிறது. காப்பிக்கு நிழல் வேண்டும் என்பதற்காக நூறு வருடத்துக்கு மேலாக வைத்துக் காத்த மரங்கள் இவை. மழைத் தண்ணீரை மண்ணில் இறக்கியவையும் இவைதான். மலைக்கு மேலே வேறெங்கிருந்தும் தண்ணீர் ஓடிவராது. பெய்வதைச் சேர்த்து வைத்தால்தான் உண்டு.

எங்களுக்கு நாகலூர் போகிற வழியில் மூன்று ஏக்கர் காப்பித் தோட்டம். அதன் கீழ்க்கோடியில் ஒரு சுனை உண்டு. என் அப்பா காலத்தில் சித்திரையிலும் ஒரு குடம் நிறையத் தண்ணீர் கிடைக்கும். ஆறு வருடத்துக்கு முன் மேல்பக்கம் ஒரு விடுதி வந்தது. இரண்டு ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். மூன்றாவது கோடையில் சுனை வறண்டது. இதற்கு அதுதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. மழையும் குறைந்திருந்தது. ஆனால் கிணறு தோண்டும் முன் சுற்றிலும் யார் யார் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்று எங்களிடம் யாருமே வந்து கேட்கவில்லை. இப்போது பங்குனி பிறந்தால் எங்கள் தெருவுக்கு லாரித் தண்ணீர்தான். என் மனைவி குடத்தோடு காத்திருக்கும்போது விடுதித் தோட்டத்துப் புல்லுக்குத் தண்ணீர் பீய்ச்சுவது தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது கஷ்டமாக இருக்கிறது ஐயா.

சுற்றுலாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆரஞ்சு அழிந்து, காப்பி விலையும் படுத்த வருடங்களில் எங்களைக் காப்பாற்றியது வெளியூர்க்காரர்கள்தான். என் தம்பி மகன் வேன் ஓட்டுகிறான். வெள்ளக்கடையிலிருந்து பெண்கள் தினமும் விடுதி வேலைக்கு வருகிறார்கள். வருகிறவர்கள் நன்றாக வந்து போகட்டும். நான் கேட்பது ஒன்றுதான். புதிதாக ஓர் அறை கட்ட அனுமதி கொடுக்கும் முன், அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவு எங்கே போகும் என்று எழுதி வாங்கி, அதை ஊர்ச் சபையில் எல்லோர் முன்னும் படிக்க வேண்டும். பக்கத்துச் சுனைக்காரர் பேச ஒரு நாள் ஒதுக்க வேண்டும். துறைமுகம் கட்டும் முன் கோட்டக்குப்பத்து மீனவர்களிடம் கேட்டிருந்தால் மணல் எந்தப் பக்கம் நகரும் என்று அவர்களே சொல்லியிருப்பார்கள்.

சேலத்துக்காரர்களும் இதைத் தங்கள் விஷயமாக நினைக்க வேண்டும். திருமணிமுத்தாறும் சரபங்காவும் இந்த மலையில்தான் பிறக்கின்றன. அந்தப் பக்கம் தருமபுரி மாவட்டத்து வாணியாறு அணைக்கும் இங்கிருந்துதான் தண்ணீர் போகிறது.

உங்கள் இதழ் அடுத்து ஏற்காட்டைப் பற்றி எழுதுவதாக இருந்தால், தயவுசெய்து மே மாதக் கோடை விழாவுக்கு நிருபரை அனுப்பாதீர்கள். அப்போது மலரும் கூட்டமும்தான் கண்ணில் படும். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி வழியும்போது அனுப்புங்கள். ஏரியின் உபரி நீர்தான் கிளியூர் அருவியாக விழுகிறது. ஏரிக்கரையிலிருந்து அந்த வாய்க்காலோரமாகவே நடந்து அருவி வரை கூட்டிப்போகிறேன். வழியில் எந்தெந்தக் குழாய் அதில் வந்து சேர்கிறது என்று அவரே எண்ணி எழுதட்டும். படிகள் செங்குத்தாக இருக்கும், அட்டை கடிக்கும். உப்பு நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
சிறு காப்பி விவசாயி ஒருவர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.