டேப் வந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கணினிகள் பற்றிய கட்டுரையில், ஒரு கணினியின் தகவலை இன்னொரு கணினிக்குக் கொண்டுபோக, காந்த டேப்பில் ஏற்றி அனுப்பினால் வேலை முடிந்தது என்று எழுதியிருந்தது. கணினி மையத்தில் டேப் மாட்டிக்கொண்டிருந்தவன் சொல்கிறேன், வேலையே அங்குதான் ஆரம்பிக்கும். ஐபிஎம் பெருங்கணினி எப்சிடிக் குறியீட்டில், அதாவது ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் ஒரு முறையில், எழுதும். மற்றவை பெரும்பாலும் ஆஸ்கி என்ற வேறொரு குறியீட்டில். ஆங்கிலப் பெரிய ‘ஏ’ ஒன்றில் 193, இன்னொன்றில் 65. மாற்றாமல் படித்தால் திரை முழுக்கக் குப்பைதான். எழுத்தை மாற்ற ஓர் அட்டவணை போதும். ஆனால் இரண்டு இலக்கத்தை ஒரே பைட்டில் அடைத்த எண்களையும் அதே அட்டவணையில் போட்டால் சம்பளக் கணக்கே நாசம். ஒரு பதிவு எத்தனை பைட் நீளம் என்பதைக்கூட டேப் மேல் எழுதாமல் அனுப்பும் புண்ணியவான்கள் வேறு!

அப்புறம், தொலைபேசிக் கம்பி வழியே கணினிகளை இணைக்கும் மோடம். 1977இல் வந்த எக்ஸ்மோடம் என்ற கோப்பு அனுப்பும் முறை 128 பைட் துண்டுகளாக அனுப்பும்; பிழை என்றால் அதே துண்டு மறுபடி வரும். ஒரு பைட்டின் 8 பிட்டில் 7 மட்டுமே கடக்கும் இணைப்பில் அது படுத்துவிடும். 1981இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உருவான கெர்மிட் என்ற முறை, சிக்கலான பைட்டுகளைச் சாதாரண எழுத்துகளாக மாற்றி அனுப்பியதால் அங்கேயும் போய்ச் சேரும். மெதுவாகத்தான், சரி. கட்டுரையில் கெர்மிட்டுக்கு ஒரு வரியாவது கொடுத்திருக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணினி இயக்குநர் ஒருவர்