‘நாங்க நல்லா இருக்கோம்’ என்கிற பொய்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் பிறந்தால் போதும், அந்த ஜெர்மன் விளம்பரத்தை யாராவது ஒருவர் நமக்கு அனுப்பிவிடுகிறார்கள். எடேக்கா என்று அங்கே ஒரு பெரிய மளிகைக் கடை நிறுவனம் இருக்கிறது, அவர்கள் 2015 நவம்பர் கடைசியில் கிறிஸ்துமஸுக்காக வெளியிட்டது. இரண்டு நிமிடம்கூட ஓடாது. தனியாக இருக்கும் ஒரு தாத்தா. இந்த வருஷமும் வர முடியலப்பா என்று மகள் போனில் செய்தி வைக்கிறாள். பக்கத்து வீட்டுக்குப் பிள்ளைகள் வந்து இறங்குவதை இவர் ஜன்னல் வழியே பார்க்கிறார், அப்புறம் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார். ஒரு நாள், அப்பா இறந்துவிட்டார் என்று பிள்ளைகளுக்குத் தகவல் போகிறது. ஆளுக்கொரு ஊரில் இருப்பவர்கள் அழுதுகொண்டே வந்து வீட்டுக்குள் நுழைந்தால் மேசையில் தட்டு வைத்து, மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறது. சமையலறையிலிருந்து அப்பா வருகிறார். உங்களை எல்லாம் ஒன்றாகச் சேர்க்க எனக்கு வேறு என்ன வழி என்று கேட்கிறார்.

கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். வந்த புதிதில் ஜெர்மனியிலேயே ஊர் இரண்டுபட்டது. அழுதவர்கள் ஒரு பக்கம், சாவை வைத்து வியாபாரமா, பிள்ளைகளைக் குற்றவாளி ஆக்குகிறீர்களா என்று கோபப்பட்டவர்கள் ஒரு பக்கம்.

போன ஞாயிறு எங்கள் அன்பியக் கூட்டத்தில், அதாவது பக்கத்துப் பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கிற கூட்டத்தில், ஜெபம் முடிந்து டீ குடிக்கும்போது ஒரு தம்பி அதை டிவியில் போட்டுக் காட்டினார். ஞானஒளிவுபுரத்தில் ஒரு சின்ன ஹால், பத்துப் பதினைந்து பேர், பாதிப் பேருக்குப் பிள்ளைகள் வெளியூரில். முடிந்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் பிடித்துக்கொண்டது பேச்சு. பெரியவர்கள் முக்கால்வாசிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த மனுசன் செஞ்சது சரிதான் என்றார்கள். இளவட்டங்கள், லீவு கிடைக்காமல் தவிக்கிற எங்களைப் பற்றி யாராவது விளம்பரம் எடுக்கிறார்களா என்று கேட்டார்கள், அதுவும் நியாயம்தான்.

குவைத்தில் வீட்டு வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்த ஓர் அக்கா மட்டும் பாதியிலேயே எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அவர் அப்பா இறந்தபோது அவரால் வர முடியவில்லை. அண்ணன் மகள் பிடித்திருந்த போனில்தான் அடக்கத்தைப் பார்த்தாராம், பெட்டியை மூடுகிற நேரத்தில் சிக்னல் போய்விட்டதாம். வாசலில் நின்றுகொண்டு என்னிடம், “எங்கப்பா அப்படி அடுப்படியில இருந்து எந்திரிச்சு வரலண்ணே” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அந்த விளம்பரத்தின் மேல் எனக்கு இருக்கிற வருத்தமும் அதுதான், பிள்ளைகள் அவ்வளவு சீக்கிரம் சிரித்துவிடுகிறார்கள். கேதம் என்று கேட்டுப் பதறி ஓடி வந்த பெண், அப்பாவைப் பார்த்ததும் முதலில் நாலு வார்த்தை ஏசியிருக்க வேண்டாமா? எங்கள் பக்கம் என்றால் அந்த வீட்டில் அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கியிருக்காது.

கடைக்காரன் சரக்கு விற்க எடுத்தது என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். அதற்கு முந்தின வருஷம் இங்கிலாந்தில் செயின்ஸ்பரீஸ் கடை, 1914 கிறிஸ்துமஸ் அன்று போர்முனையில் இரண்டு பக்கத்துச் சிப்பாய்களும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கைகொடுத்துக்கொண்டதை விளம்பரமாக எடுத்தது. அதில் வரும் சாக்லேட்டை விற்ற லாபத்தை முன்னாள் படைவீரர் சங்கத்துக்குக் கொடுத்தார்கள், அப்படியும் செத்தவர்களை வைத்து மளிகை விற்பதா என்று திட்டு விழுந்தது. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் வியாபாரம் என்று சொல்லிவிட்டால் அந்தத் தாத்தாவின் சாப்பாட்டு மேசை இல்லாமல் போய்விடுமா?

நான் ரயில்வேயில் முன்பதிவுக் கவுன்ட்டரில் இருந்து ஓய்வுபெற்றவன். கேதத்துக்குப் போகணும் சார் என்று வருகிறவர்களைத் தினமும் பார்த்திருக்கிறேன். முகத்தைப் பார்த்தாலே தெரியும். வரிசையில் நிற்கிறவர்கள் தாங்களாகவே வழிவிடுவார்கள், அவசர ஒதுக்கீட்டுக்கு எப்படி எழுதிக் கொடுப்பது என்று நாங்களும் சொல்லிக் கொடுப்போம், அவர்கள் வேலை பார்க்கிற இடத்திலும் ஒரு வார்த்தை கேட்காமல் விட்டிருப்பார்கள். அம்மாவைப் பார்த்து ரெண்டு வருஷம் ஆச்சு சார் என்று வருகிறவருக்கு வெயிட்டிங் லிஸ்ட்தான். சாவுக்கு மட்டும்தான் நாம் எல்லாரும் சேர்ந்து லீவு கொடுக்கிறோம். எடேக்கா தாத்தா கண்டுபிடித்தது இதைத்தான், அவர் மேல் எனக்குக் கோபம் வராததற்குக் காரணமும் இதுதான்.

ஆனால் இதை நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக. அந்த அப்பா செத்துப்போனதாகப் பொய் சொன்னார். நம் ஊர் அப்பா அம்மாக்கள் நல்லா இருப்பதாகப் பொய் சொல்கிறோம். இரண்டு வருஷம் முன்னாடி டிசம்பரில் என் மனைவி பாத்ரூமில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது, மாவுக்கட்டு போட்டார்கள். மகன் பெங்களூரில் இருக்கிறான், புது வேலை. ஞாயிறு ராத்திரி வீடியோவில் கூப்பிடும்போது கட்டுப் போட்ட கையை முந்தானைக்குள் மறைத்து, இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டு, “நாங்க நல்லா இருக்கோம் தம்பி, நீ வேலையப் பாரு” என்று சொன்னாள். சொல்லிவிட்டு, குக்கர் விசில் அடிக்கிறது என்று வைத்துவிட்டாள். அடுப்பில் குக்கரே இல்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன், நானும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருஷம் அவன் வரவில்லை. அச்சு முறுக்கு, அதிரசம் எதுவும் சுடவில்லை, கிறிஸ்துமஸ் குடில்கூட வைக்கவில்லை. மார்ச்சில் வந்தபோது மருந்துச் சீட்டைப் பார்த்துவிட்டு, “அப்ப நான் எதுக்குப்பா இருக்கேன்?” என்று கேட்டான். இரண்டு நாள் சரியாகப் பேசவே இல்லை.

அவன் கோபம் சரி. வா என்று நாம் கூப்பிடவே இல்லை, வரவில்லை என்று மட்டும் மனசுக்குள் வைத்துக்கொள்கிறோம். பிள்ளைக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று நினைத்துத்தான் செய்கிறோம், ஆனால் அவனுக்கு எப்படித் தெரியும்? மேலதிகாரியிடம் என்ன சொல்லி லீவு கேட்பான்? எங்க அம்மா வரச் சொன்னாங்க என்று சொல்வதற்காவது அம்மா வரச் சொல்லியிருக்க வேண்டும். தேதியும் முன்னாலேயே சொல்ல வேண்டும். நான்கு மாதம் முன்னாடியே டிக்கெட் எடுக்கலாம் என்று இருந்ததை 2024 நவம்பரிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள், டிசம்பர் 23-ந்தேதி வண்டிக்கு அக்டோபர் 24-ந்தேதியே முன்பதிவு ஆரம்பித்துவிடும். தீபாவளி நேரத்திலேயே பெற்றவர்களும் பிள்ளைகளும் கிறிஸ்துமஸைப் பேசி முடிவு செய்தால்தான் உண்டு. பொங்கலுக்கு வரவேண்டிய பிள்ளைகளுக்கும் இதே கணக்குத்தான், நவம்பரிலேயே பேசிவிட வேண்டும்.

அன்பியக் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் மகனைக் கூப்பிட்டேன். அம்மாவுக்கு இன்னும் அந்தக் கையில் தோசைக் கல்லைத் தூக்க முடியவில்லை, எனக்குப் படியேறினால் மூச்சு வாங்குகிறது, திருவிழாப் பூசைக்கு நீ கூட இருந்தால் எங்களுக்கு நல்லா இருக்கும், வா என்று சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “இதைச் சொல்ல உங்களுக்கு இத்தனை வருஷமாப்பா?” என்றான். ரயிலில் இடம் இல்லை. 23-ந்தேதி ராத்திரி ஆம்னி பஸ்ஸில் ஏறி 24-ந்தேதி காலையில் மாட்டுத்தாவணியில் இறங்குகிறான். அவன் அம்மா நேற்று அரிசி ஊறப்போட்டுவிட்டாள், இடிக்கிற வேலை என்னுடையது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர்,
ஞானஒளிவுபுரம், மதுரை.