எங்களைச் சேர்த்துவைத்த கடலோடிகளுக்கு

மகளின் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. வந்து வாழ்த்திய எல்லோருக்கும் நேரிலேயே நன்றி சொல்லிவிட்டோம். ஆனால் அவளுடைய அப்பாவும் நானும் சேரக் காரணமானவர்களில் பலர் இப்போது எந்த நாட்டில் இருக்கிறார்களோ தெரியாது. அவர்களுக்குத்தான் இந்த மடல்.

1990 ஜூனில் மறுபடி சண்டை தொடங்கியதும் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், பற்றரி, சீமெந்து, உரம் எல்லாம் நின்றுபோயின. பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் படித்தோம். எண்ணெயும் மருந்தும் வேதாரணியம் பக்கமிருந்து இரவோடிரவாக வல்வெட்டித்துறைக்கு வந்தன. அரசாங்கத்துக்கு அது கடத்தல். எங்களுக்கு அதுதான் உயிர். அப்படி வந்த ஒரு வள்ளத்தில் எஞ்சின் பார்த்தவர் இவர்.

அந்த வள்ளத்தை ஓட்டிய தண்டையல் ஐயா, இவர் அக்கரையில் தங்கிய நாள்களில் எழுதிய கடிதங்களை நீங்கள்தான் கொண்டுவந்தீர்கள். பொலித்தீன் பையில் சுற்றி, வாயை மெழுகுதிரிச் சுடரில் ஒட்டி, பிளக் டப்பாவுக்குள் வைத்திருப்பீர்கள். நேவி துரத்தி, சாமான்களைக் கடலில் தள்ளிய இரவிலும் அந்த டப்பாவை மடியிலேயே வைத்திருந்தீர்களாம். பிரித்தால் பெற்றோல் மணக்கும். உங்கள் கடன் தீராது ஐயா.

பக்கத்து வீட்டு மாமி, “கடலுக்குப் போறவனுக்குப் பெட்டை தரமாட்டன்” என்று நின்ற என் அப்பாவிடம் நீங்கள்தான் வாதாடினீர்கள். “1938இலேயே அன்னபூரணிக் கப்பலை அமெரிக்கா வரைக்கும் ஓட்டின ஊர் இது. நீ கடலுக்குப் பயப்படுறியோ?” என்று கேட்டீர்களே, அதற்குப் பிறகு அப்பா வாய் திறக்கவில்லை.

வேதாரணியத்து அக்கா, 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு அந்தக் கரையில் எவ்வளவு கெடுபிடி! திரும்ப வழியில்லாமல் நின்றவருக்கு, உப்பளத்தில் கூலி வேலை செய்த நீங்கள் சோறு போட்டீர்கள். தெரிந்திருந்தால் உங்களையும் பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள். அப்புறம், “ஊருக்குப் போய்க் கல்யாணத்தக் கட்டு தம்பி” என்று ஒரு மஞ்சள் சேலையும் கொடுத்து அனுப்பினீர்கள். கூறை வாங்க வழியில்லாத காலம். அதைக் கட்டிக்கொண்டுதான் முத்துமாரி அம்மன் கோயிலில் தாலி வாங்கினேன்.

அந்த அக்காவைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். மகளையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு வருகிறோம்.