மலையைக் கழித்துவிட்டு நீர்மட்டக் கணக்கா?

ஆசிரியருக்கு வணக்கம்.

நீலகிரிக்கு என்ன தண்ணீர்க் கவலை, மழைதான் கொட்டுகிறதே என்று பலரும் நினைக்கிறார்கள். மார்ச் மாதம் கேத்தி பள்ளத்தாக்குக்கு வந்து பாருங்கள். ஒரு பக்கம் கேரட்டுக்கு ஸ்பிரிங்ளர் சுற்றும், பக்கத்துத் தோட்டத்தில் கொஞ்ச நேரம் ஓடிய மோட்டாரை நிறுத்திவிட்டுக் கிணறு ஊறட்டும் என்று உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு பகுதியின் நிலத்தடி நீர்மட்டம் எப்படி மாறும் என்று கம்ப்யூட்டரில் மாதிரி போட்டுப் பார்ப்பது 1980-களிலேயே பரவலான முறைதான். நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, மழையில் இறங்குவது, பாய்ச்சியதில் திரும்ப இறங்குவது, மோட்டார் எடுப்பது, ஊற்றாக ஓடைக்குப் போவது என்று வரவு செலவு எழுதி, வரும் விடை நிஜக் கிணற்றோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். எங்கள் பள்ளத்தாக்குக்கு அப்படி ஒன்று கட்டாயம் வேண்டும்.

ஏனென்றால் அரசின் நிலத்தடி நீர் மதிப்பீட்டு முறையில் 20 சதவீதத்துக்கு மேல் சரிவுள்ள மலைப்பகுதியை நீர் இறங்கும் பரப்பிலிருந்தே கழித்துவிடுகிறார்கள். சமவெளிக்கு அது சரி. இங்கே மேட்டில் இறங்கும் மழைதானே கீழே கசிந்து ஊற்றாகவும் கிணற்று நீராகவும் வருகிறது, அதைக் கழித்தால் கணக்கில் மிச்சம் என்ன இருக்கும்?

அப்புறம் பாறை. சிதைந்த பாறை அடுக்கின் கன அளவில் 2 சதவீதம்தான் எடுக்கக்கூடிய தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், சுற்றுவட்டாரம் முழுக்க நீர்மட்டம் 1 மீட்டர் இறங்கும்போது ஏக்கருக்கு 80 ஆயிரம் லிட்டர்தான் வெளியே வந்திருக்கும், அதாவது தோட்டம் முழுக்கப் பரப்பினால் வெறும் 2 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர், வெயில் காலத்தில் பயிருக்கு ஒரு வாரம்கூடத் தாங்காது. அதனால்தான் எங்கள் கிணறுகள் மளமளவென்று இறங்குகின்றன, நல்ல மழைக்கு அதே வேகத்தில் ஏறுகின்றன. மத்திய நிலத்தடி நீர் வாரியம் பொதுவாக வருடத்துக்கு 4 தடவை அளக்கிறது, ஜனவரிக்குப் பிறகு மே. எங்கள் பாடெல்லாம் அந்த இடைவெளியில்தான்.

எவ்வளவு இறைக்கிறோம் என்பதற்கும் சரியான கணக்கு இல்லை, இலவச மின்சாரத்தில் பெரும்பாலும் மீட்டர் கிடையாது. இலவசத்தை நிறுத்தச் சொல்லவில்லை, அது இல்லாமல் சிறு விவசாயி பிழைக்க முடியாது. மோட்டார் ஓடும் நேரத்தை எழுதி வைத்தாலே போதும்.

ஊட்டியிலேயே மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அவர்கள் வழிகாட்டினால் கிணற்றையும் ஊற்றையும் வாராவாரம் அளந்து கொடுக்க நாங்களே தயார். கம்ப்யூட்டர் மாதிரி சொல்லும் நீர்மட்டத்தைப் பேரூராட்சிப் பலகையில் ஒட்டுங்கள், கோடைப் போகத்துக்கு விதை வாங்கும் முன்பே ஒட்டுங்கள்.

— ஒரு கேரட் விவசாயி, கேத்தி