செவித்திறனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதுமையில் மூளை நலம் காப்பது குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். நினைவாற்றல் பயிற்சிகளுக்கும் குறுக்கெழுத்துப் புதிர்களுக்கும் ஒரு பக்கம் முழுவதையும் ஒதுக்கிய கட்டுரையாளர், செவித்திறனைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் விட்டது பெருங்குறை என்று கருதுகிறேன்.

மறதி நோய் குறித்து லான்செட் மருத்துவ இதழ் அமைத்த வல்லுநர் ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, நம்மால் மாற்றிக்கொள்ளக்கூடிய 14 காரணிகளைச் சுட்டி, அவற்றை இளமை முதலே கவனித்தால் ஏறத்தாழ 45 விழுக்காடு பாதிப்புகளைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று மதிப்பிடுகிறது. அவற்றுள் மிக அதிகப் பங்கு வகிக்கும் காரணிகளில் ஒன்று செவித்திறன் குறைபாடு.

காது மங்கத் தொடங்கியவரை வீட்டில் கவனித்திருப்பவர்களுக்கு இதில் வியப்பிருக்காது. இரண்டு முறை "என்ன?" என்று கேட்டதும் "ஒன்றுமில்லை, விடுங்கள்" என்ற பதில் வருவதால், அடுத்த முறை அவர் கேட்காமலேயே தலையாட்டிச் சிரித்துவிடுகிறார், சில மாதங்களில் பேச்சு நடக்கும் இடத்துக்கு வருவதையே தவிர்க்கிறார். பாதி கேட்ட சொற்களை ஊகித்து நிரப்புவதிலேயே மூளையின் உழைப்பு செலவாகிறது என்பதோடு, மனிதர்களோடு பழகுவதால் அதற்குக் கிடைத்துவந்த பயிற்சியும் நின்றுபோகிறது. இதைக் குடும்பத்தினர் "வயதாகிவிட்டது, மறதி" என்று எளிதாகக் கடந்துவிடுகிறார்கள். காது கேட்கும் கருவி எல்லாருக்கும் மறதியைத் தடுக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. 2023-இல் முடிவுகள் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், காது மங்கிய 70 முதல் 84 வயது வரை உள்ளவர்களில் கருவி பெற்றவர்களையும் பெறாதவர்களையும் மூன்றாண்டுகள் கவனித்து ஒப்பிட்டபோது, மொத்தக் குழுவில் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் அறிவாற்றல் சரிவுக்கான ஆபத்துக் காரணிகள் அதிகம் இருந்த பிரிவினரில், கருவி பெற்றவர்களிடம் அந்தச் சரிவின் வேகம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

நடைப்பயிற்சியைக் கட்டுரை நன்றாகவே வலியுறுத்துகிறது. எனினும், வாரத்தில் 150 நிமிடங்களாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று கூறும் உலக சுகாதார நிறுவனம், தசைகளை வலுவாக்கும் பயிற்சியை வாரத்தில் இரண்டு நாளாவது செய்யவும், 65 வயதைக் கடந்தவர்கள் உடலின் சமநிலையைப் பேணும் பயிற்சியை மூன்று நாளாவது செய்யவும் பரிந்துரைக்கிறது. கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாதவருக்கு நடை மட்டும் போதாது. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அந்த நடையும் நின்றுவிடும். ரத்த அழுத்த மாத்திரையைத் தவறவிட்டுக்கொண்டே நினைவாற்றலுக்கென்று விளம்பரப்படுத்தப்படும் மாத்திரைகளைத் தேடி வாங்குவோரையும் கட்டுரையாளர் சற்றுக் கண்டித்திருக்கலாம்.

செவித்திறன் பரிசோதனை எப்படி நடக்கிறது, கருவிக்குப் பழக எவ்வளவு காலமாகும், இரைச்சலாக இருக்கிறதென்று கழற்றி வைத்துவிடுபவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பவற்றைத் துறை வல்லுநர் ஒருவரைக் கொண்டு விளக்கி, அடுத்து வரும் இதழ்களில் ஒரு கட்டுரை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்